ஓடவிடும் முன் காலைத் தூக்கிப் பாருங்கள்: வேலக் கமிட்டிகளுக்கும் குதிரைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவில் வேல என்னும் கோயில் திருவிழாவை நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் குதிரை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இரு பக்கமும் உள்ள கால்நடைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் லாடம் அடிப்பவன். அப்பா காளைக்கு மட்டும்தான் அடித்தார். வண்டிமாடு குறைந்து, அந்தியூர் ஆடிச் சந்தையிலிருந்து குதிரைகள் நம் பக்கம் வரத் தொடங்கிய பிறகு நான் குதிரைக்கும் அடிக்கக் கற்றுக்கொண்டேன். மாசி முதல் சித்திரை வரை நமக்கு வேலக்காலம். தத்தமங்கலம் அங்காடி வேலயின் குதிரையோட்டம் ஊரறிந்தது. அது போக ஊர்வலம், கல்யாணம், கடைத் திறப்பு என்று எதற்கெடுத்தாலும் ஒரு குதிரையை அலங்கரித்துக் கொண்டுவந்து நிறுத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு அந்தக் குதிரைகள் காலைத் தாங்கித் தாங்கி என் வாசலுக்கு வருகின்றன. அப்போது என்னால் ஆவது கொஞ்சம்தான். முன்னாலேயே வந்திருந்தால் அரமும் கத்தியும் வைத்துச் சரிசெய்திருக்கலாம்.

ஓட்டம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. குதிரை ஓடப் பிறந்தது. அது ஓடும்போது எனக்கும் நெஞ்சு பூரிக்கத்தான் செய்கிறது. நான் கேட்பது இதுதான்: ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு குதிரையின் நாலு குளம்பையும் தெரிந்தவர் ஒருவர் தூக்கிப் பார்க்க வேண்டும், வெறும் தார் ரோட்டில் நாலுகால் பாய்ச்சல் விடக்கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குதிரை நிற்பது ஒரே விரலில். நம் நடுவிரல் எதுவோ அந்த விரலின் நுனியில், அந்த நகத்தின் மேல்தான் முழு உடம்பும் நிற்கிறது. உடம்பின் பாரத்தில் அறுபது சதவீதம் முன்னங்கால் இரண்டில் விழுகிறது. பாய்ச்சலில் ஒரு கட்டத்தில் ஒற்றைக் கால் மட்டும் தரையில் இருக்கும். அப்போது அந்தக் கால் தாங்குவது உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 350 கிலோ குதிரை என்றால் எழுநூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம், ஒரு கையகல இடத்தில்.

அந்தப் பாரம் குளம்பின் அடித்தளத்தில் நேராக உட்காருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் எலும்பு உண்மையில் குளம்பின் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. எலும்பைச் சுற்றியுள்ள சதையில் மெல்லிய ஏடுகள் ஏறத்தாழ அறுநூறு இருக்கும். சுவரின் உட்பக்கத்திலும் அதே மாதிரி ஏடுகள். இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிட்டால் இழுத்தாலும் பிரியாதே, அந்த மாதிரிப் பிடிப்பு. ஒவ்வொரு ஏட்டிலும் நூற்றுக்கு மேல் குட்டி ஏடுகள் வேறு. அந்தப் பிடிப்பில்தான் குதிரை நிற்கிறது, ஓடுகிறது, உங்கள் பிள்ளையைச் சுமக்கிறது. அந்தப் பிடிப்பு விட்டால் எலும்பு கீழே இறங்கும், முனை திரும்பி அடித்தோலை அழுத்தும். அதற்குப் பிறகு எந்த லாடம் கட்டினாலும் அந்தக் குதிரை பழையபடி ஓடுவது அபூர்வம்.

அடுத்தது குதிகால். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பின்பக்கமிருந்து முன்னோக்கி முக்கோணமாக ஒரு மெத்தை தெரியும். நல்ல குதிரைக்கு அது அகலமாக, அழுத்தினால் ரப்பர் போலக் கொடுக்கும். அதற்கு மேலே உள்ளே இன்னொரு மெத்தை, இரு பக்கமும் குருத்தெலும்பு, நடுவில் ரத்தக்குழாய்களின் வலை. கால் தரையில் பதியும்போது குதிகால் இரு பக்கமும் கொஞ்சம் விரிகிறது. அதிர்ச்சி அங்கே அடங்குகிறது. அந்த அழுத்தத்திலேயே ரத்தமும் மேலே தள்ளப்படுகிறது. முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசையே கிடையாது, வெறும் தசைநாண்தான். ஆகவே காலின் ரத்தம் மேலே ஏற ஒவ்வொரு அடியும் உதவ வேண்டும். நாள் முழுக்கக் குட்டைக் கயிற்றில் கட்டிப்போட்ட குதிரைக்குக் கால் வீங்குவது இதனால்தான்.

குதிகால் விரிகிறது என்பதை நம்பாதவர்கள் அடுத்த முறை கழற்றும் பழைய லாடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். குளம்பைத் தொட்டுக்கொண்டிருந்த மேல்முகத்தில், ஆணி அடித்த முன்பக்கம் மங்கலாக இருக்கும். பின்முனை இரண்டும் பளபளவென்று, விரல் வைத்தால் பள்ளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். குளம்பு இரும்பின் மேல் நகர்ந்து நகர்ந்து தேய்த்த தடம் அது. அந்தத் தடம் இல்லாத லாடம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். பின்னால் வரைக்கும் ஆணி அடித்துக் குதிகாலைப் பூட்டிவிட்டார்களா என்று பார்ப்பேன்.

இந்த இடத்தில் என் தொழில்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் மாட்டு லாடத்திலிருந்து வந்தவர்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு பாதிக்கும் தனித் தகடு அடிக்கிறோம். நடக்கும்போது இரண்டு பாதியும் தனித்தனியாக விரிந்துகொள்ளும், அதனால் தகடு எதையும் பூட்டாது. குதிரைக்கு ஒரே வளையம். அதே கைப்பழக்கத்தில் கடைசி வரை ஆணி வைத்தால் குளம்பு விரிய வழியில்லாமல் போகிறது. சில மாதத்தில் குதிகால் ஒடுங்கி, அந்த முக்கோண மெத்தை சுருங்கிவிடும். குளம்பின் அகலமான இடத்தைத் தாண்டிப் பின்னால் ஆணி வேண்டாம். லாடத்தின் பின்முனை குதிகாலுக்குக் குறைந்து நிற்கவும் கூடாது.

ஆணி விஷயத்தில் இன்னொன்று. குளம்பின் அடியில் சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் வெளிர் நிறத்தில் ஒரு கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் சதை. குதிரை லாட ஆணியின் ஒரு முகத்தில் அடையாளம் இருக்கும். அந்த முகம் உட்பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் நுனி வளைந்து வெளியே வரும். அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான சுவரில் போகிற ஆணி கணீரென்று சத்தம் கொடுக்கும். சதைப்பக்கம் திரும்பினால் சத்தம் மந்தமாகும், குதிரையும் காலை வெடுக்கென்று இழுக்கும். அந்த நொடியே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் டிங்சர் அயோடின் விட்டு, மாட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். டெட்டனஸுக்குக் குதிரை சீக்கிரம் விழும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் முழிக்கிற ஆட்கள்தான் அதிகம். விலையுயர்ந்த குதிரையை வாங்கிவிட்டு அந்த ஊசியை விட்டுவிடாதீர்கள்.

குளம்புக்கு ஏற்ப இரும்பை வளைப்பதுதான் லாடம் அடிப்பது. இங்கே நடப்பது பல நேரம் தலைகீழ். கைவசம் இருக்கிற லாடத்துக்குள் அடங்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றி அரத்தால் ராவுகிறார்கள். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஆணி பிடிக்க வேண்டிய சுவரே மெலிந்துபோயிருக்கும். குதிரைக்காரத் தம்பிகள் லாடக்காரர் பக்கத்தில் நின்று, அண்ணா, இரும்பை வளையுங்கள், குளம்பை ராவாதீர்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லாக் குதிரைக்கும் லாடம் வேண்டும் என்பதும் இல்லை. தோட்டத்தில் மண்தரையில் நிற்கும் குதிரைக்கு, வாரம் ஒருநாள் ஓட்டிப்பார்க்கும் குட்டிக்கு, வெறும் குளம்பே நல்லது. சீவி வட்டமாக ராவி விட்டால் போதும். தார் ரோட்டில் தினம் போகிற வண்டிக்குதிரைக்குத்தான் இரும்பு கட்டாயம்.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? குளம்பு மாதத்துக்கு ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வளரும். மயிர் முடிகிற விளிம்பில் புதுசாக முளைத்தது முன்நுனியில் தரையைத் தொட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். கமிட்டிக்காரர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த வருஷ வேலயில் வேரோடு வெடித்த முன்குளம்பு முழுசாக மாறி வர அடுத்த வருஷ வேல ஆகிவிடும்.

லாடம் கட்டிய குளம்பு தரையில் தேயாது, வளர்ந்துகொண்டே போகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சீவி, மறுபடி கட்ட வேண்டும். லாடம் தேயவில்லையே, இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்கிறார்கள். இரும்பின் தேய்மானத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் தப்பு. ஆறு வாரத்தில் நுனி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீண்டிருக்கலாம். நுனி நீண்டால் கால் தரையை விட்டு எழும்பத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் அத்தனையும் காலின் பின்பக்கத்துத் தசைநாண் மேல் விழுகிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: கணுவுக்குக் கீழே உள்ள சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஒரே கோட்டில் போக வேண்டும். கோடு குளம்பில் வந்து உடைந்து முன்னால் சாய்ந்தால் சீவும் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

இப்போது தார் ரோடு. மண் கொஞ்சம் அமுங்கும், குளம்பு கொஞ்சம் சறுக்கி நிற்கும், அதில் அதிர்ச்சியில் ஒரு பங்கு போய்விடும். தார் அமுங்காது. ஒவ்வொரு அடியும் எலும்புக்கும் மூட்டுக்கும் நேராக ஏறும். இரும்பு லாடமும் வழவழப்பான தாரும் சேர்ந்தால் வளைவில் வழுக்கும். கமிட்டிகள் அதற்காக லாரியில் மணல் கொண்டுவந்து தூவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தார் மேல் மெல்லிசாகத் தூவிய மணல் வெறும் தாரைவிட ஆபத்து. மணல்மணி உருண்டு கால் வாரிவிடும். போடுவதென்றால் ஒரு சாண் கனத்துக்கு ஈரமண் போட்டு, அமுக்கி, முடிகிற இடத்தைத் தாண்டியும் நீட்ட வேண்டும். குதிரை கோட்டைத் தொட்டவுடன் நிற்காது, அந்தக் கடைசி இழுவையில்தான் கால் போகிறது.

என் யோசனை வேறு. இரண்டாம் போகம் அறுத்த பிறகு நம் வயல்கள் வேலக்காலத்தில் சும்மாதான் கிடக்கின்றன. நல்ல மண்பாங்கான வயலில் வரப்பை வெட்டி நிரவினால் ஓட்டத்துக்கு அருமையான தரை கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கோடையில் கால் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு விடும். அங்கே ஓட்டுவதென்றால் உழுது பரம்படித்து மூடாமல் ஓட்டவே கூடாது. கோயில் முன்னால் ரோட்டில் ஓடுவதுதான் வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வழக்கத்துக்காகக் கோயில் முன்னால் நடத்திக் கூட்டிவந்து கும்பிட்டுவிட்டு, ஓட்டத்தை வயலில் வைத்துக்கொள்ளலாமே. சாமி கோபிக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

தார் ரோட்டைவிட எனக்கு அதிக பயம் தீனியில். ஓட்டத்துக்கு முந்தின இரண்டு நாள் குதிரைக்குப் பலம் ஏற்றுகிறோம் என்று கொள்ளு, கோதுமை, சோளம், வெல்லம் என்று வாரி வைக்கிறார்கள். விழாவன்று வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை பாயசமும் சோறும் ஊட்டுகிறார்கள். பழக்கமில்லாத மாவுத்தீனி அளவுக்கு மீறிப் போனால் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். அங்கே உண்டாகும் விஷம் ரத்தத்தில் கலந்து, நான் முதலில் சொன்ன அந்த ஏடுகளின் பிடிப்பை அவிழ்த்துவிடும். டாக்டர்கள் லாமினைட்டிஸ் என்பார்கள். தின்ற அன்றைக்கே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் யாரும் தீனியைச் சந்தேகப்படுவதில்லை. ஓடின அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

அடையாளம் சொல்கிறேன். குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். திருப்பினால் முள்மேல் நடப்பது போலத் திரும்பும். புறங்கையைக் குளம்பின் மேல் வையுங்கள், சூடு விடாமல் அடிக்கும். கணுவின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரலை லேசாக வைத்தால் நாடி துள்ளும். நல்ல குதிரைக்கு அந்த நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது தெரிந்தவுடன் தானியத்தை நிறுத்துங்கள், கால் இரண்டையும் ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்துங்கள், மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்புங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நடக்க வைத்தால் காலின் இறுக்கம் தளர்ந்துவிடும் என்று ஊரில் ஒரு வைத்தியம் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு அடியிலும் அந்த ஏடுகள் இன்னும் கிழியும்.

அப்புறம் கோடையும் மழையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தை, மாசியில் குளம்பு காய்ந்து வெடிக்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கொட்டில் சேறாகி, அந்த முக்கோண மெத்தையின் பள்ளங்களில் கறுப்பாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு அழுகல் பிடிக்கும். மருந்தைவிட முக்கியம் காய்ந்த தரை. தினம் காலையும் மாலையும் குளம்புக் கொக்கியால் பள்ளத்தைச் சுத்தம் செய்ய ஒரு காலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வண்டி ஒர்க்ஷாப்பிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கி வந்து குளம்புக்குப் பூசுகிறார்களே, அதை விட்டுவிடுங்கள். மினுமினுப்பாகத் தெரியும், அடியில் வெடிப்பு மறைந்து கிடக்கும். ஊர்வலத்துக்குக் குளம்பில் சாயம் அடிப்பதும் அப்படித்தான்.

கால்நடைத் துறை அதிகாரிகளுக்கு ஒரு பழைய சேதி சொல்லி என் வேண்டுகோளை வைக்கிறேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குவதையும், அவற்றில் பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குள் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். இங்கே லாடக்காரர்கள் இல்லை, குதிரை விற்கிற வியாபாரிகள் லாடக்காரர்களைக் கூட்டி வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை, குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். எழுநூறு வருஷம் கழித்தும் நாம் குதிரையைத்தான் வாங்குகிறோம், அதன் காலைப் பார்க்கிறவரை உண்டாக்கவில்லை. ராணுவம் தன் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்த லாடக்காரர்களை வைத்திருக்கிறது. நமக்கு ஒரு பக்கம் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி, இன்னொரு பக்கம் உடுமலையில் கால்நடைக் கல்லூரி. இரண்டும் எட்டுகிற தூரம்தான். வருஷத்துக்கு ஒருமுறை, தமிழிலும் மலையாளத்திலும், எல்லையோர லாடக்காரர்களுக்குக் குதிரைக் குளம்புப் பயிற்சி ஒன்று நடத்துங்கள். செத்த குதிரையின் காலை அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். என்னைப் போன்றவர்கள் கூலியை விட்டுவிட்டு வருவோம்.

சட்டமும் நம் பக்கம்தான். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி நோயோ காயமோ உள்ள, வேலைக்கு லாயக்கில்லாத மிருகத்தை வேலை வாங்குவதும், அப்படி வாங்க உரிமையாளர் விடுவதும் குற்றம். பாரம் இழுக்கும், சுமக்கும் மிருகங்களுக்கான 1965-ஆம் வருஷத்து விதி, 37 டிகிரிக்கு மேல் வெயில் உள்ள இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது. மீன மாதத்து, அதாவது பங்குனி மாதத்துப் பாலக்காட்டு வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போலீஸைக் காட்டி யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் ஊர் விஷயத்தை நாமே சரிசெய்துகொண்டால் வெளியாள் யாரும் வந்து கேட்க வேண்டியிருக்காது.

கமிட்டிப் பெரியவர்களே, நடைமுறை சுலபம். பெயர் பதிகிற அன்றைக்கே குதிரையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கெட்டியான சமதளத்தில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராக ஒரு ஓட்டம் ஓட்டி, திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். இதைப் பார்க்க டாக்டர் பட்டம் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். பிறகு நாலு காலையும் தூக்கி லாடம் ஆடுகிறதா, ஆணி மடிப்பு எழும்பியிருக்கிறதா, நாற்றம் வருகிறதா, சூடு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான குதிரைக்கு இந்த வருஷம் ஓட்டம் இல்லை, அடுத்த வருஷம் முதல் இடம் அதற்கு என்று மேடையிலேயே சொல்லுங்கள். உரிமையாளருக்கு அது மரியாதைக் குறைச்சலாகத் தெரியாது.

பார்த்துக் கொடுக்க நான் வருகிறேன், காசு வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு லாடக்காரர்களையும் கூட்டி வருகிறேன், கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள். மாசி பிறப்பதற்குள் தேதியைச் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்குப் பழைய லாடம் கழற்ற வேண்டிய குதிரைகளும் இருக்கும், ஆகவே மரநிழலும் ஒரு குடம் தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து லாடக்காரன்